‘தெரியவில்லை’ என்று எழுதியவர்

நெவில் ட்ரெகியருக்கு எண்கள் என்றால் உயிர் என்று எங்கள் கடற்கரை ஊரான வின்யார்டில் சொல்வார்கள். எனக்குத் தெரிந்து அப்படி இல்லை. அவருக்கு எண்கள்மேல் சந்தேகம். எண்களை அப்படியே நம்புகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் மேலாளர்கள். நெவில் ஓர் எண்ணைக் கையில் எடுத்தால், மீன் வாங்குகிறவர் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல, அது எங்கிருந்து வந்தது என்றுதான் முதலில் பார்ப்பார்.

அவருடைய அப்பா டேபிள் கேப்பில் உருளைக்கிழங்கு போட்டவர். நெவிலுக்கு விவசாயம் வரவில்லை. பள்ளி முடித்ததும் பட்டாணி ஆராய்ச்சித் தோட்டம் ஒன்றில் சேர்ந்தார். ஒரு பாத்திக்குப் புது உரம், பக்கத்துப் பாத்திக்குப் பழைய உரம், அறுவடையில் எது கூட என்று நிறுத்துப் பார்க்கிற வேலை. ஒரு வருடம் குட்டிக் கங்காரு போன்ற வாலபிகள் வேலிக்கு அடியில் புகுந்து பாதிப் பாத்திகளை மேய்ந்துவிட்டன. மிஞ்சியதில் புது உரப் பாத்திகள் கொஞ்சம் கூடுதலாகத்தான் விளைந்திருந்தன. ஆனால் அந்தக் கொஞ்சம் உரத்தால் வந்ததா, வாலபி எந்தப் பக்கம் வாய் வைத்தது என்பதால் வந்ததா என்று யாரும் சொல்ல முடியாது.

“உரம் வேலை செய்யலைன்னு எழுதிட்டு வீட்டுக்குப் போடா” என்றார் மேற்பார்வையாளர்.

நெவில் “தெரியவில்லை” என்று எழுதினார். மேற்பார்வையாளர் தாளைத் திருப்பி வீசினார். நெவில் மறுபடியும் அதையே எழுதினார். அன்றைக்கு ஒட்டிய பெயர்தான் ‘தெரியலை நெவில்’. அவருடைய கல்யாணத்தில், இந்தப் பெண்ணை ஏற்றுக்கொள்கிறாயா என்று பாதிரியார் கேட்டபோது, “இப்ப தெரியலைன்னு சொல்லப் போறான் பாரு” என்று பின்வரிசையில் ஒருவர் சொல்ல, கோயில் முழுக்கச் சிரித்தது. மணப்பெண் உனாவும் சிரித்தார். உனா பள்ளிப் பேருந்து ஓட்டியவர். போட் ஹார்பரிலிருந்து வின்யார்டுவரை அவர் வண்டியில் வாலாட்டிய பிள்ளை ஒன்றுகூட இல்லை.

நெவில் மாலை வகுப்பில் படித்துப் புள்ளியியலில் பட்டம் வாங்கினார். அப்புறம் பர்னியில் கிராமப்புற மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. டாக்டர்கள் சோதனைகள் நடத்துவார்கள். முடிவு என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்று நெவில் பார்த்துச் சொல்வார். அங்கேதான் டாக்டர் ஹேமிஷ் லாரி அவருக்கு நண்பரானார். ஹேமிஷ் ஹோபார்ட்டிலிருந்து வந்தவர், பிறகு பேராசிரியரானார். எந்த அறைக்குள் நுழைந்தாலும் அங்கிருப்பவர்களை அரை நிமிடத்தில் சிரிக்க வைத்துவிடுவார். இருவரும் சேர்ந்து ஒரு சின்னப் படகு வாங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கடலுக்குப் போவார்கள். நெவிலுக்கு வேறு நண்பர்கள் இருந்ததாக எனக்கு நினைவில்லை. ஒருவர் போதும் என்று இருந்துவிட்டார்.

நான் மெர்ல். ஆற்றுமுகத்துக்கு மேலே மேட்டில் இருக்கும் முதியோர் இல்லத்தில் செவிலியாக இருந்தேன். குளிப்பாட்டுவது, மருந்து கொடுப்பது, படுக்கைப் புண் வராமல் புரட்டிப் போடுவது என்று என் வாழ்க்கை அங்கேதான் ஓடியது. நெவில் ஓய்வு பெற்றபின் உனாவுக்குப் பார்க்கின்சன் நோய் முற்றி, நினைவும் குழம்பத் தொடங்கியது; உனா எங்கள் இல்லத்துக்கு வந்தார். கை நடுங்கும், பெயர்கள் மறக்கும். கால் மட்டும், யாராவது பக்கத்தில் இருந்தால் நடக்கும்.

அந்தச் சமயத்தில் ஹேமிஷ் ஒரு சோதனை தொடங்கினார். காலைச் சாப்பாட்டுக்கு முதியவர்களைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போவதற்குப் பதிலாக, கையைக் கோத்து நடத்திக் கூட்டிப்போனால் அவர்கள் கீழே விழுவது குறையுமா என்பதுதான் கேள்வி. கடற்கரையோரத்து இல்லங்கள் பத்து சேர்ந்தன. ஐந்தில் நடத்துவது, ஐந்தில் தள்ளுவது. கணக்குப் பார்க்க ஹேமிஷ் நெவிலைத்தான் கூப்பிட்டார். என் மனைவி அங்கே இருக்கிறாள், நான் வரக்கூடாது என்றார் நெவில். உன்னைவிட நேர்மையான ஆள் எனக்கு எங்கே கிடைப்பான், பெயர்களை மறைத்துத்தான் தருவோம் என்று ஹேமிஷ் சம்மதிக்க வைத்தார். எந்த இல்லம் எந்தப் பக்கம் என்று எல்லோர் முன்னாலும் பிஸ்கட் டின்னிலிருந்து சீட்டு எடுத்தார்கள். எங்களுக்கு நடை விழுந்தது.

காலையில் கூடுதலாக இரண்டு பேர் வேலைக்கு வந்தார்கள். தாழ்வாரம் முழுக்க ஊர்வலம்தான். பாஸ்கோ என்று ஒரு பழைய நண்டுப் படகுக்காரர், என்னைவிட ஒரு முழம் உயரம்.

“மெர்ல், நீ என்னை நடத்துறியா, நான் உன்னை நடத்துறேனா?”

“வாயை மூடிட்டுக் காலைத் தூக்கு, பாஸ்கோ. கஞ்சி ஆறுது.”

“ஆறினாத்தான் என்ன? சூடா இருந்தாலும் அதே பசைதான்.”

உனா நடக்கும்போது பேருந்து ஓட்டுவார். துணி அலமாரி ஒரு நிறுத்தம், மீன் தொட்டி ஒரு நிறுத்தம், சமையலறைக் கதவு கடைசி நிறுத்தம். “மீன் தொட்டி. இறங்குறவங்க இறங்குங்க. பாஸ்கோ, தலையை ஜன்னலுக்கு வெளிய நீட்டாதே.” என் பெயர் அவருக்கு மறந்துபோயிருந்தது. நிறுத்தங்கள் மறக்கவில்லை.

சோதனைக் காலம் முடிந்தது; முடிவு வரும்வரை நடை மட்டும் தொடர்ந்தது. யார் எப்போது விழுந்தார்கள் என்று எங்கள் இல்லத்தில் குறித்தது நான் என்பதால், சரிபார்க்க என்னையும் நெவில் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். சமையலறை மேசையில் ஹேமிஷ், நெவில், நான். முடிவு இதுதான்: நடத்திய இல்லங்களில் விழுவது ஏறக்குறையக் கால்வாசி குறைந்திருந்தது. எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது. ஒரு இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் இவர்கள் துறையில் ஒரு கோடு வைத்திருக்கிறார்கள். நடையால் ஒரு பயனும் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் வெறும் தற்செயலாக இவ்வளவு வித்தியாசம் வரலாம். அந்த வாய்ப்பு இருபதில் ஒன்றுக்குக் கீழே இருந்தால்தான், முடிவைக் ‘குறிப்பிடத்தக்கது’ என்பார்கள். எங்களுடையது எட்டில் ஒன்று. கோட்டைத் தாண்டவில்லை.

“நடத்துற பக்கம் இருந்த ஸ்மித்டன் இல்லத்துல வயித்துப்போக்கு பரவுச்சே” என்றார் ஹேமிஷ். “தலை சுத்தி வரிசையா விழுந்தாங்க. நடைக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? அந்த ஒரு இல்லத்தை எடுத்துட்டா கோட்டைத் தாண்டிடும். போட்டுப் பாத்துட்டேன்.”

“தள்ளுற இல்லத்துல வயித்துப்போக்கு வந்திருந்தா எடுப்பியா?”

“வரலையே.”

“வந்திருந்தா?”

ஹேமிஷ் சிரித்தார். “உன்கிட்ட பொய் சொல்ல முடியாது. எடுத்திருக்க மாட்டேன்.”

“அப்ப இதையும் எடுக்கக் கூடாது.”

எனக்குக் கோபம் வந்தது. நடை நிலைத்தால் உனா நடப்பார். நெவிலின் மனைவிதானே. வாயைத் திறந்தேன். நெவில் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

அவர் ஒரு வாக்கியம் எழுதினார். விழுவது கால்வாசி குறைந்ததாகத் தோன்றுகிறது. உண்மையில் பாதிவரைகூடக் குறைந்திருக்கலாம், சற்றுக் கூடியும் இருக்கலாம். நடை பயன் தருகிறதா என்பது இந்தச் சோதனையிலிருந்து தெரியவில்லை. இதைவிடப் பெரிய சோதனை வேண்டும்.

“இதைக் கட்டுரைச் சுருக்கத்துலயே போடணும், ஹேமிஷ். மேல. எல்லாரும் படிக்கிற இடத்துல.”

“உன் வார்த்தையையே போடறேன். கமா உட்பட” என்றார் ஹேமிஷ். கை கொடுத்தார்கள். நான் தேநீர்க் கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

கட்டுரை வெளிவந்த செய்தியை நெவிலுக்குச் சொன்னது ஹேமிஷ் இல்லை. எங்கள் மேலாளர் கார்லீன் சொன்னார். இளம் பெண், கெட்டவர் இல்லை, எப்போதும் எங்கோ ஓடிக்கொண்டிருப்பவர். உனாவின் அறைக்கு வந்து கதவருகிலேயே நின்றார். நான் உனாவுக்குக் காலுறை மாட்டிக்கொண்டிருந்தேன்.

“திங்கள்கிழமையிலருந்து நடை நிக்குது, நெவில். தலைமை அலுவலகத்துலருந்து வந்திருக்கு. காலையில வர்ற ரெண்டு பேரையும் எடுத்துடறாங்க. வருத்தமாத்தான் இருக்கு, ஆனா ஆதாரம் இல்லைன்னு ஆயிடுச்சே.”

“யார் சொன்னது இல்லைன்னு?”

கார்லீன் அவரை விசித்திரமாகப் பார்த்தார். “நீங்கதானே. கட்டுரையில உங்க பேரு இருக்கே. நிர்வாகக் குழுவுல பேராசிரியர் லாரியே வந்து சொன்னாராம். நெவில் ட்ரெகியர் மாதிரி ஒரு ஆள் பாத்தும் ஒண்ணும் தேறலை, அவர் மனைவியே அங்க இருந்தும், அப்படின்னு.”

கைப்பேசியில் கட்டுரையைக் காட்டினார். நெவில் கண்ணாடியைத் தேடினார். அது நெற்றியிலேயே இருந்தது. சுருக்கத்தில் ஒரே வரி. ‘நடத்திச் செல்வதால் முதியவர்கள் விழுவது குறையவில்லை.’ அவருடைய வாக்கியம் உள்ளே, கடைசிப் பக்கத்துக்கு முந்தைய பக்கத்தில், முழுதாக, கமா உட்பட இருந்தது. ஹேமிஷ் சொன்ன சொல் தவறவில்லை என்றுகூட ஒரு வக்கீல் வாதாடலாம்.

நெவில் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். கார்லீன் போனார். உனாவின் இரண்டாவது காலுறையை என் கையிலிருந்து வாங்கி நெவிலே மாட்டினார். குதிகால் பக்கம் மேலே வந்துவிட்டது. நான் சரி செய்யவில்லை.

அன்று மதியமே படகுத்துறைக்குப் போனோம். அவர் வண்டி பழுதாகி நின்றதால் நான்தான் ஓட்டினேன். ஹேமிஷ் பலகையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கத்தியை உயர்த்திக் காட்டினார்.

“வா நெவ். மூணு பெருசு மாட்டுச்சு. நீ வராத அன்னைக்குத்தான் மாட்டும்.”

“சுருக்கத்தை மாத்திட்டே.”

கத்தி நிற்கவில்லை. “வார்த்தை எண்ணிக்கை மிஞ்சிப் போச்சு. பத்திரிகைக்காரங்க வெட்டுன்னாங்க. உன் வாக்கியம் நீளம்.”

“வெட்டினா ‘தெரியவில்லை’ன்னு ஒரு வார்த்தை மிஞ்சியிருக்கும். அதைவிடச் சின்னதா என்ன இருக்கு?”

“இருக்கே. ‘இல்லை.’” ஹேமிஷ் சிரிக்கப் பார்த்தார். நெவில் சிரிக்கவில்லை. ஹேமிஷ் கத்தியைக் கீழே வைத்தார். “இதோ பாரு. குழுவுல பன்னண்டு பேர் உக்காந்திருக்காங்க. நடத்தணுமா, நிறுத்தணுமா? அவங்களுக்கு இது ஒண்ணுதான் வேணும். தெரியலைன்னு சொல்லிட்டு நான் எப்படி எந்திரிச்சு வர்றது?”

“அப்ப குறையுதுன்னு சொல்லியிருக்கலாமே. அதுவும் பொய்தான். அந்தப் பொய்யிலயாவது உனா நடந்திருப்பா.”

“சொல்லத்தான் வந்தேன். உன் சமையல் ரூம்ல உக்காந்து கேட்டேன். கோட்டைத் தாண்டலை, தாண்டலைன்னு பிடிவாதம் பிடிச்சது யாரு? தாண்டலைன்னா இல்லைன்னுதான் இந்த உலகம் படிக்கும். இத்தனை வருஷமா இந்த வேலையில இருந்துட்டு அது உனக்குத் தெரியாதா?”

“உலகத்தைச் சொல்லாதே. உனக்குத் தெரியும்ல?”

ஹேமிஷ் மீனைப் புரட்டிப்போட்டார்.

“அடுத்த சோதனைக்கு இடம் தர்றதா எங்க இல்லங்களை நடத்துற நிறுவனம் சொல்லியிருக்கு, இல்லையா?” என்று நான் கேட்டேன். நான் கேட்டிருக்க வேண்டியதில்லை. எனக்கு மலச்சிக்கலானாலும் மனசானாலும் நேராகக் கேட்டே பழக்கம்.

“நீ இதுல தலையிடாதே, மெர்ல்.”

அதுதான் பதில். திரும்பி வரும் வழியில் நெவில் ஒரே ஒரு தடவை பேசினார். “ஸ்மித்டனை எடுக்காதேன்னு நான் சொன்னப்போ அவன் சந்தோஷப்பட்ட மாதிரி எனக்குத் தோணுச்சு. நான் சரியாச் சொன்னேன்னு சந்தோஷப்படறான்னு நெனச்சேன்.”

பத்திரிகைக்கு எழுதினார். சில மாதம் கழித்து, பின்பக்கத்து மூலையில் ஒரு சிறு திருத்தம் வந்தது. யார் படித்தார்கள் என்று தெரியவில்லை. அதற்கெல்லாம் முன்பே, அந்தத் திங்கள்கிழமை வருவதற்குள், குடும்பத்தினர் கூட்டம் ஒன்றைக் கார்லீன் கூட்டினார். எதிர்ப்பு பலமாக இருந்தால் தலைமை அலுவலகம் யோசிக்கும் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். சாப்பாட்டு அறை நிறைந்துவிட்டது. நெவிலைப் பேசச் சொன்னோம்.

நன்றாகத்தான் தொடங்கினார். “மெர்ல், தடிமனான கம்பளிச் சட்டைக்கு மேலயே ஸ்டெதாஸ்கோப்பை வச்சா இதயத்துடிப்பு கேக்குமா?”

“சரியாக் கேக்காது.”

“அப்ப ‘துடிப்பு இல்லை’ன்னு எழுதிட்டு, துணியைப் போத்திடுவியா?”

“பாஸ்கோவா இருந்தா யோசிப்பேன்” என்றேன். சிரித்தார்கள். பாஸ்கோதான் அதிகமாகச் சிரித்தார்.

“அதேதான். எங்க சோதனை சின்னது, சட்டை தடிமன். சரியாக் கேக்கலை. அதுக்காகத் துடிப்பு இல்லைன்னு சொல்லிட்டாங்க.”

அறை அவர் பக்கம் வந்துவிட்டது. பாஸ்கோவின் மகள் எழுந்தார். டெவன்போர்ட்டிலிருந்து வேலைக்கு விடுப்பு போட்டு வந்தவர். “சரி நெவில், எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நடந்தா எங்கப்பா விழறது குறையுமா, குறையாதா? குறையும்னு சொல்லுங்க, நான் இன்னைக்கே கையெழுத்து வாங்க ஆரம்பிக்கிறேன்.”

நெவில் பக்கத்தில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். அவர் காலை மிதித்தேன். ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையால் உனா நடப்பார், பாஸ்கோ நடப்பார். ஹேமிஷ் செய்ததற்கும் அது பதிலாகிவிடும். யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

“தெரியாது” என்றார் நெவில். “குறையும்னுதான் எனக்குத் தோணுது. ஆனா தெரியாது.”

அந்தப் பெண் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். “அப்ப எதுக்கு எங்களை வரச் சொன்னீங்க?”

கையெழுத்து யாரும் வாங்கவில்லை.

திங்கள்கிழமை நாற்காலிகள் வந்தன. தாழ்வாரத்தில் சக்கரச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. உனாவைத் தள்ளிக்கொண்டு போகும்போது அவர் நிறுத்தங்களைச் சொல்லவில்லை. ஓட்டுநர் இருக்கையில் வேறு யாரோ இருக்கிறார்கள் என்று நினைத்திருக்கலாம். பாஸ்கோவின் கால்கள் இளைத்தன. அவரைத் தூக்க இரண்டு பேர் வேண்டியதாயிற்று. எழுந்து நிற்பவர்கள் குறைந்ததால் விழுபவர்களும் குறைந்தார்கள். அந்தக் காலாண்டில் விழுந்தோர் எண்ணிக்கை சரிந்தது என்று நிறுவனம் தன் செய்தி மடலில் பெருமையாகப் போட்டது. நான் அதை நெவிலிடம் காட்டி நன்றாகத் திட்டினேன்.

“ஒரு காலாண்டுக் கணக்கு, மெர்ல். அதை வச்சும் ஒண்ணும் சொல்ல முடியாது” என்றார்.

அவரை அடிக்கலாமா என்று இருந்தது.

உனாவை மட்டும் அவர் விடவில்லை. ஊழியர் இல்லாமல் குடும்பத்தினர் தாழ்வாரத்தில் நடத்தக்கூடாது, காப்பீட்டில் இடமில்லை என்று கார்லீன் சொன்னார். ஆனால் குடும்பத்தினர் வெளியே கூட்டிப் போகலாம். அதற்குத் தடையில்லை. அதனால் நெவில் தினமும் காலையில் வந்து, உனாவை முன்வாசல் வழியாக வெளியே கூட்டிப்போய், கட்டடத்தைச் சுற்றி நடத்தி, சாப்பாட்டு அறையின் பக்கக் கதவு வழியாக உள்ளே கொண்டுவருவார். கடற்காற்று முகத்தில் அடிக்கும். உனாவுக்கு இரண்டு கம்பளிச் சட்டை, நெவிலுக்கு ஒரு பழைய மழைக்கோட்டு. சில நாளில் நிறுத்தங்கள் திரும்பி வந்தன. தபால் பெட்டி. எரிவாயு உருளை. குப்பைத் தொட்டி.

ஒரு நாள் குப்பைத் தொட்டி நிறுத்தத்தில் ஹேமிஷ் நின்றிருந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றிய மீன். நான் பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தேன், எல்லாம் காதில் விழுந்தது.

உனா அவரை ஏற இறங்கப் பார்த்தார். “பின்னாடி போய் உக்காரு” என்றார்.

ஹேமிஷ் சிரித்தார், பழைய சிரிப்பு. பிறகு நெவிலைப் பார்த்து, “படகு சும்மா கெடக்குது. ஞாயித்துக்கிழமை வர்றியா?” என்றார். நெவில் உனாவின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே தரை கொஞ்சம் மேடு. ஹேமிஷ் குரலைத் தாழ்த்தினார். “நெவ், நாம இன்னும் சிநேகிதங்கதானே?”

நெவில் யோசித்தார். எந்தக் கேள்விக்கும் யோசிக்காமல் அவர் பதில் சொன்னதில்லை.

“தெரியலை” என்றார்.

ஹேமிஷின் முகம் மாறியது. இரண்டு முறை தலையாட்டினார். மீன் பொட்டலத்தை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, சரிவில் இறங்கி வண்டிக்குப் போனார். இல்லை என்று எடுத்துக்கொண்டார்.

நெவில் தெரியவில்லை என்று சொன்னால், தெரியவில்லை என்றுதான் பொருள். அதை ஊருக்கெல்லாம் வாழ்நாள் முழுக்க விளக்கியவர், அன்றைக்கு விளக்கவில்லை. வண்டி கிளம்பும்வரை நின்றார். பிறகு உனாவின் கையைக் கோத்துக்கொண்டு, மேட்டைத் தாண்டி உள்ளே வந்தார். கஞ்சி ஆறியிருந்தது.